ஒரு நொடி தாமதம்

செவ்வாய்க்கிழமை, இரவு ஏழரை.
அவள் காருக்குள்.
நான் படுக்கையறையில்.
ஒரே வீட்டு வைஃபை
எங்களைத் தனித்தனியே தூக்கிப்போய்
ஏதோ ஒரு மேசையில் பக்கத்துப் பக்கத்துப்
பெட்டிகளாக வைக்கிறது.

மேசைக்கு அந்தப்புறம் லிண்டெல்வா.
எப்போதும் அதே பச்சைக் கோப்பை.
அதில் என்ன குடிக்கிறார் என்று
எட்டு வாரமாகத் தெரியவில்லை.

முதலில் நேரில்தான் போனோம், பைன்டவுனுக்கு.
இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூப் பெட்டி.
பெட்டி அவள் பக்கம் இருந்தது.
அழுதது நான்.
அவள் மடியைத் தாண்டி எட்டி எடுக்க வேண்டியிருந்தது.
அதைக்கூடத் தாங்கிக்கொண்டோம்.
சட்ஸ்வர்த்துக்குத் திரும்பும் அரைமணி நேரம்தான்
இருவராலும் முடியவில்லை.
சொன்னதெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்து
கூடவே வந்தது.

ஆகவே ஆன்லைன்.

கார் நிற்பது படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே.
லோகஷ்னி பேசினால்
முதலில் ஜன்னல் வழியாக வரும்.
ஒரு நொடி கழித்து
அதே வாக்கியம் லேப்டாப்பிலிருந்து,
கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல.

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."
ஜன்னலில் கேட்கும்போது கை இறுகுகிறது.
"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."
திரையில் கேட்கும்போது
ஆமாம், கேட்டிருக்கலாம்தான் என்று தோன்றுகிறது.

அண்ணன் சாப்பாட்டுக் கடை போட
நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன்.
கடை பதினான்கு மாதம் நடந்தது.
வங்கிக் கடிதத்தைப் பிரித்தது அவள்.
இவ்வளவுதான் கதை.
ஆனால் லிண்டெல்வா
இவ்வளவுதானா என்று கேட்கிற விதத்தில்
கதை நீண்டுகொண்டே போகிறது.
என் அப்பாவின் சைக்கிள் கடன்வரை போய்விட்டது போன வாரம்.

எங்கள் சண்டை எப்போதும் ஆங்கிலத்தில்.
தமிழ் என் சனிக்கிழமைப் பாடம்,
கோயில் மண்டபத்தில் பதினேழு பிள்ளைகள்,
ழகரம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் நான்.
அவளுக்குத் தெரிந்தது பத்துப் பன்னிரண்டு சொல்,
எல்லாம் அடுப்படிச் சொல்.

இன்று நடுவில் திரை உறைந்தது.
அவள் வாய் பாதி திறந்தபடி நின்றது.
ஜன்னல் வழியாக மட்டும் வந்தது:
"போதும்."

இரண்டாவது குரலுக்குக் காத்திருந்தேன்.
வரவில்லை.

"எனக்குக் கேட்கவில்லை" என்றார் லிண்டெல்வா.
"யோகன், உங்களுக்கு?"
கேட்டது என்றேன்.
"என்ன சொன்னார்?"
"நிறுத்து என்றாள்."

கீழே கார்க் கதவு திறந்தது.
அண்டைவீட்டு நாய் குரைத்தது.
"இல்லை," என்றாள் அவள்,
ஜன்னலை நோக்கி, ஆங்கிலத்தில்,
தெருவுக்கே கேட்கும்படி.
"சோறு போடும்போது சொல்வோமே,
தட்டுக்கு மேலே கை வைத்து.
அந்தப் போதும்."

நான் திரையைப் பார்த்து
மொழிபெயர்க்க முயன்றேன்.
நிறைந்துவிட்டது என்றேன். பிறகு,
பசி போய்விட்டது என்று அர்த்தமில்லை என்றேன்.
பிறகு, போட்டவர்மேல் கோபமில்லை,
இல்லை, அதுவும் சரியாக வரவில்லை.
இடமில்லை என்றேன் கடைசியில்.

லிண்டெல்வா எழுதிக்கொண்டார்.
"ஒரே சொல்லா?"
ஒரே சொல்.

நேரம் முடிந்தது. லேப்டாப்பை மூடினேன்.
கீழே போனால்
அவள் இன்னும் ஸ்டியரிங் பின்னால்தான்.
கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினாள்.

"அடுத்த வாரம் நீ இங்கே உட்கார்.
எனக்கு முதுகு ஒடிகிறது."

ஒருமுறைதான் வந்தது அந்தக் குரல்.
ஒருமுறையிலேயே கேட்டுவிட்டது.

எட்டு வாரமும்
என் கால் நீளத்துக்கு வைத்த சீட்டில்
நுனியில் உட்கார்ந்து பேசியிருக்கிறாள்.
கதவைத் திறந்து குனிந்தேன்.
நெம்புகோல் இங்கே இருக்கிறது,
இப்படி இழுக்க வேண்டும் என்றேன்.
"எனக்குத் தெரியும்" என்றாள்.
இழுக்கவில்லை.